செடான் காரில் பின்சீட்டை மடக்கிப் படுப்பது எப்படி?

தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கால் வைக்க இடமிருக்காது. கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கிவிடும். கூடத்துப் பாய் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட்டால், நமக்கு வாசலில் நிற்கும் கார்தான். எம்பிவி எனும் பெரிய குடும்ப வேன் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. இது செடான்காரர்களுக்கு, அதாவது பின்னால் தனியாக பூட் (சாமான் பெட்டி) நீட்டிக்கொண்டிருக்கும் கார் வைத்திருப்பவர்களுக்கு.

1. சீட்டு மடங்குகிறதா பாருங்கள்

எல்லா செடானிலும் மடங்காது. ஹோண்டா சிட்டி, டொயோட்டா வியோஸ் போன்றவற்றின் சில மாடல்களில் 60:40 என்று இரண்டு பகுதியாக மடங்கும். பூட் மூடியைத் திறந்தால் உள்ளே மேல்பக்கம் ஓர் இழுபிடி இருக்கலாம், அல்லது சீட்டின் தோள்பட்டையில் பொத்தான் இருக்கும். ஒருவர் படுக்க 60 பக்கத்தை, அதாவது அகலமான பகுதியை, மடக்கினால் போதும். தலைசாய்ப்பைக் கழற்றுங்கள், முன்சீட்டை முழுதாக முன்னே தள்ளுங்கள்.

2. இடம்

செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தடியில் நிறுத்தாதீர்கள். ஒரு குலையே 10 முதல் 25 கிலோ வரை இருக்கும், மட்டை விழுந்தாலும் லேசாக இருக்காது. தோட்டத்துப் பாதையையும் மறிக்க வேண்டாம். விடிந்ததும் குலை லாரி வந்துவிடும், நம் தூக்கத்துக்காக அது காத்திருக்காது. ஜாகாவிடம் (காவலாளி) ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரியில் டார்ச் அடித்து எழுப்புவார், அது அவர் வேலை.

3. படுக்கை

பலரும் நீளம் போதாது என்றுதான் பயப்படுகிறார்கள். உண்மையான தொல்லை அந்தப் படிதான். மடக்கிய சீட்டு மேலே நிற்கும், பூட் தரை கீழே கிடக்கும். அந்த விளிம்பு சரியாக இடுப்பிலோ தொடையிலோ குத்தும். மெத்தை வாங்கும் முன் பள்ளத்தை நிரப்புங்கள். பூட் தரையில் மடித்த போர்வை, பழைய கைலி, துணிப்பை என்று அடுக்கி, உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். விளிம்பு கையில் தட்டாத அளவுக்கு நிரப்ப வேண்டும். முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளத்திலும் ஒரு பையைத் திணியுங்கள். அப்புறம் மேலே மெல்லிய மெத்தை விரித்தால் போதும்.

தலை முன்சீட்டுப் பக்கம், கால் பூட் பக்கம். மாற்றிப் படுக்கவே கூடாது. செடானில் பூட்டுக்குப் போகும் வாய் குறுகல், அங்கே காற்றும் ஓடாது. தலை இந்தப் பக்கம் இருந்தால்தான் கதவும் கைக்கெட்டும். பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளிருந்து திறக்க முடியாது.

4. காற்றும் கொசுவும்

எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்குங்கள். ஏர்பிரஸ் (கண்ணாடிக்கு மேலே ஒட்டும் மழைத்தடுப்பு) பொருத்திய காராக இருந்தால் தூறலுக்குப் பயமில்லை. கதவின் மேல்பாதியில் கொசுவலைத் துணியைப் போர்த்தி, கதவைச் சாத்தினால் இறுகி நிற்கும். பவர் பேங்கில் ஓடும் சின்ன விசிறி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கொசுவர்த்தி மட்டும் காருக்குள் வேண்டாம்.

5. ஏர்கோன் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள்

இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. எஞ்சின் ஓடினால் புகையோடு கார்பன் மோனாக்சைடு வரும். நிறமோ வாசனையோ கிடையாது. தூங்குபவருக்கு மயக்கம் வருவதே தெரியாது. ‘கொஞ்ச நேரம்தானே’ என்று சொல்லும் மாமாவின் பேச்சையும் கேட்காதீர்கள். புழுக்கம் தாங்கவில்லையா, எழுந்துபோய் அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரம்) படுங்கள்.

குடித்திருந்தால் காரில் படுப்பதை மறந்துவிடுங்கள். மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி, ஓட்டாவிட்டாலும் போதையில் வாகனம் உங்கள் பொறுப்பில் இருப்பதே குற்றமாகலாம்.

6. காலையில்

சீட்டை நிமிர்த்தும்போது ‘கிளிக்’ சத்தம் கேட்கிறதா, பெல்ட் பின்னால் சிக்கியிருக்கிறதா பாருங்கள். சீட்டைப் பிடித்து ஒருமுறை முன்னால் இழுத்து ஆட்டிப் பார்த்துவிட்டே பிள்ளைகளை ஏற்றுங்கள்.