கேமராவை அணைத்து வைத்த மூன்று வாரம்

போன் அடித்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். திரையில் அம்மா பெயர் வந்தால் போதும், ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று கை சில்லிட்டுவிடும். மருத்துவர், பதற்றம் எவ்வளவு என்று அளக்கும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாளைக் கொடுத்தார். 21க்கு 15 எடுத்தேன். மார்க் கூடக் கூடாத பரீட்சை அது!

அப்புறம் ஜூமில் குழு சிகிச்சை. வாரம் ஒருநாள், எட்டுப் பேர், ஓர் உளவியலாளர். மூன்று வாரம் கேமராவை அணைத்துவிட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். "ஒளிந்துகொண்டதால்தான் தப்பித்தோம் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும்" என்றார் அவர். நான்காவது வாரம் முகத்தைக் காட்டினேன். அன்று ஒருவர், மகள் வீடு வந்து சேர்வதற்குள் பத்து முறை போன் செய்துவிடுவதாகச் சொன்னார். அட, நம்ம கேஸ்தான் என்று சிரித்துவிட்டேன்.

எனக்கு உதவியது வீட்டுப்பாடம்தான். அழைப்பு வந்ததும் பயத்தை நோட்டில் இடப்பக்கம் ஒரு வரி எழுதிவிட்டுப் போனை எடுக்க வேண்டும். பேசி முடித்ததும் உண்மை விஷயம் வலப்பக்கம். இடப்பக்கம்: 'அப்பாவுக்கு நெஞ்சுவலி.' வலப்பக்கம்: 'சிலிண்டர் புக் பண்ணச் சொன்னார்.' இப்படியே பக்கம் பக்கமாக.

ஒன்று சொல்ல வேண்டும். உயிரை விடும் எண்ணம் வருகிறவர்கள் அடுத்த வாரக் குழுவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

முடிவில் என் மதிப்பெண் 7. இரவு பத்துக்கு மேல் போன் வந்தால் இன்னும் திக்கென்கிறது. எடுத்துவிடுகிறேன்.