குமரியில் ஒரு காலை நடை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் நம்மவர்களில் பலர் கன்னியாகுமரிக்கு ஒதுக்குவது ஒரு ராத்திரியும் ஒரு காலையும்தான். சூரிய உதயம், படகு, பாறை, ஒரு குடும்பப் படம். பத்து மணிக்கெல்லாம் வண்டி திருச்செந்தூர் பக்கம் திரும்பிவிடும். முதல் இரண்டு தடவை நாங்களும் அப்படித்தான் போய் வந்தோம். மூன்றாம் தடவை அங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் அண்ணன் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அம்மன் கோவிலிலிருந்து மாதா கோவிலுக்கு நடந்தே போய்விடலாம், பக்கம்தான். எங்களுக்கு ஒரு காலை முழுக்கப் பிடித்தது. ஊரை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

வழிகாட்டியை விடுதியில் சொல்லி ஏற்பாடு செய்வது நல்லது. சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். எவ்வளவு நேரம், எங்கெங்கே, மொத்தம் எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். கடைகளுக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சங்குக் கடையிலேயே பாதி நேரம் போய்விடும். அப்புறம், தமிழிலேயே பேசச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்காக ஆங்கிலம் கேட்டால் மனப்பாடமான நாலு வரிதான் வரும். தமிழில் கேட்டால் அவர் தாத்தா சொன்ன கதையும் சேர்ந்து வரும். எங்கள் அண்ணன் பிள்ளைகளை ‘மக்கா’ என்றுதான் கூப்பிட்டார், தேநீரைச் ‘சாயா’ என்றார். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தப் பழைய வாழ்க்கை பேச்சில் இன்னும் இருக்கிறது. அந்த இணைப்புக்காகப் போராடிய மார்ஷல் நேசமணியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே கழியும்.

விடிவதற்கு முன்பே பகவதி அம்மன் கோவிலில் தொடங்குங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி கட்டிக்கொண்டு போனால் சிரமமில்லை. கிழக்கு வாசல் ஆண்டில் சில நாட்கள்தான் திறக்கும். அம்மன் மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கென்று நம்பி வந்த கப்பல்கள் பாறையில் மோதியதால் அடைத்தார்கள் என்பது ஊர்க்கதை. இன்னொரு கதை கல்யாணம் நின்றுபோன கதை. சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகப் புறப்பட்ட தாணுமாலயன், நாரதர் சேவலாகக் கூவியதைக் கேட்டு முகூர்த்தம் தப்பியதென்று திரும்பிவிட்டார். சமைக்காமல் கிடந்த அரிசியும் தானியமும்தான் இங்கே பல நிறத்தில் மணலாகக் கிடக்கின்றன என்பார்கள். என் மகள் ஒரு பிடி அள்ளிக் கையில் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடலில் கன்னித் தெய்வம் நீராடியதாகவும், துறவு பூண்ட ஆண்களும் பெண்களும் இங்கே வந்து நீராடுவதாகவும் 1ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கிரேக்கர் தன் கடல்வழிக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக ஜனங்கள் அதே தண்ணீரில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படியில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள்.

பக்கத்திலேயே காந்தி மண்டபம். கடலில் கரைப்பதற்கு முன் அஸ்தியை வைத்திருந்த இடத்தில், அக்டோபர் 2ஆம் தேதி நண்பகலில் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

அங்கிருந்து பெரும்பாலோர் படகுத்துறைக்குத் திரும்புவார்கள். நீங்கள் மீனவர் தெருக்கள் வழியாக அலங்கார உபகார மாதா கோவிலுக்கு நடங்கள். வலை பின்னுகிறவர்களையும் வாசலில் மீன் ஆய்கிற பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வீட்டு முற்றம். இரண்டு வார்த்தை பேசினால் அவர்களே உட்காரச் சொல்வார்கள். சுனாமி நினைவுச் சின்னத்தையும் விட்டுவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். அவர்களைக் கரை சேர்க்கப் படகு எடுத்தவர்கள் இந்த ஊர் மீனவர்கள். அதைச் சொல்லும்போது எங்கள் அண்ணனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

படகுப் பயணத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கையில் இன்னொரு நாள் இருப்பது நல்லது. வள்ளுவர் சிலையின் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். மேலே சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்தது. மொத்தம் 133. இதைப் பிள்ளைகளையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பாறையிலிருந்து சிலைக்கு 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போகலாம்.

மற்றபடி, நேராக இங்கே வருகிறவர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் வசதி. விடுதியில் பாஸ்போர்ட்டும் விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டையும் கேட்பார்கள். எல்லாக் கடையிலும் ஃபோனில் பணம் வாங்குகிறார்கள், ஆனால் வெளிநாட்டு எண்ணுக்கு அது எப்போதும் கைகொடுக்காது. பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் கோவில் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது, பெரியவர்களோடு போனால் ஒன்பது மணிக்குள் கோவிலை முடித்துவிடுங்கள். நடை முடிந்ததும் மட்டிப்பழம் கேட்டு வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வாழைப்பழம் அது.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் குழம்பும் சாப்பிட ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் வந்தால் குளச்சலுக்குப் பஸ் ஏறுங்கள்.