சாக்கெட் திறந்திருந்தும் 502: என் அனுபவம்

ஃபிளாஸ்க்கில் (வெப் ஆப் எழுத உதவும் பைதான் கருவி) எழுதிய சின்ன ஆப். அதை இயக்கும் சர்வரான குனிகார்னைத் தனியாக ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்தது. முன்னால், வரும் கோரிக்கைகளை வாங்கி அதற்கு அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸை வைத்து, யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியில் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ள உதவும் ஃபைல்) வழியாக இணைத்ததும் 502 பேட் கேட்வே, அதாவது பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை.

குனிகார்ன் மேல்தான் சந்தேகப்பட்டேன். வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் புராசஸ்) எண்ணிக்கையை மாற்றினேன், டைம்அவுட்டைக் கூட்டினேன், எல்லாம் வீண் வேலை. என்ஜின்எக்ஸின் எரர் லாகை முதலிலேயே திறந்திருக்க வேண்டும். பிழை எண் 13, அனுமதி மறுப்பு என்று அதில் தெளிவாகவே இருந்தது.

சாக்கெட் ஃபைலுக்கோ 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும். இதற்கு மேல் என்னதான் வேண்டும் என்று எரிச்சல் வந்தது. ஆனால் ஒரு ஃபைலைத் தொட, அதற்குப் போகும் பாதையில் உள்ள ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் நுழைய அனுமதி வேண்டும். என் சாக்கெட் இருந்தது ஹோம் டைரக்டரிக்குள். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் டைரக்டரிகளுக்கு 750 (உரிமையாளரும் அவர் குழுவும் மட்டுமே நுழையலாம்) தான் இயல்பு. என்ஜின்எக்ஸ் ஓடும் பயனருக்கு வாசலிலேயே தடை!

ஹோமை 755 (எல்லோரும் நுழையலாம்) ஆக்கினாலே தீர்ந்துவிடும்தான், எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில், குனிகார்னுக்கான சர்வீஸ் ஃபைலில் ரன்டைம்டைரக்டரி என்ற வரியைச் சேர்த்தேன். சர்வீஸ் தொடங்கும்போது ரன் டைரக்டரிக்குள் 755 அனுமதியோடு ஒரு ஃபோல்டரை அதுவே உருவாக்கும், நின்றதும் அழித்துவிடும். சாக்கெட்டை அங்கே மாற்றி, இரண்டு பக்கமும் பாதையைத் திருத்தினேன். 502 போய்விட்டது.

அப்புறம் பார்த்தால், ஆப் உருவாக்கும் முழு லிங்க்குகள் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் பதில் வெறும் எச்டிடிபி என்று வந்தன. என்ஜின்எக்ஸிலிருந்து எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெட்டரை (பயனர் எச்டிடிபிஎஸ்ஸில் வந்தாரா, எச்டிடிபியில் வந்தாரா என்று ஆப்புக்குச் சொல்லும் குறிப்பு) அனுப்பியதும் அதுவும் சரியானது.