குக்கியைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“லாகின் செய்தால் திரும்பவும் லாகின் பக்கத்துக்கே போகிறது. இன்காக்னிட்டோவில் மட்டும் சரியாக வருகிறது.” புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன வாரம் இப்படிச் சொன்னதுமே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது: பிரவுசர் சேமித்துவைத்து சர்வருக்குத் திருப்பி அனுப்பும் சிறு தகவலான குக்கியை, சப்டொமைன்களுக்கிடையே பகிர்ந்ததில் தவறு. இதே இடத்தில் நானும் மூன்று நாள் மாட்டியிருந்தேன். குக்கியின் பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே கண்ணில் படும்.

பெயரை மாற்றாமல் டொமைனை மட்டும் மாற்றுவது

குக்கியில் டொமைன் குறிப்பிடாவிட்டால், அதை வைத்த ஹோஸ்ட்டுக்கு (‘ஆப்.எக்ஸாம்பிள்.காம்’ போன்ற முழு முகவரிப் பெயருக்கு) மட்டுமே அது திரும்பப் போகும். எங்கள் செயலி முதலில் ஒரே ஹோஸ்ட்டில் இருந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது. அப்புறம் பில்லிங் தனி சப்டொமைனுக்கு, அதாவது ‘பில்லிங்.எக்ஸாம்பிள்.காம்’ போன்ற முகவரிக்கு, போனது. அங்கேயும் லாகின் செல்லுபடியாக வேண்டுமே என்று ‘டொமைன்=எக்ஸாம்பிள்.காம்’ என்று ஒரு வரி சேர்த்து வெளியிட்டேன். புதிய பயனர்களுக்குப் பிரச்சினை இல்லை. பழையவர்கள் உள்ளேயே வர முடியவில்லை.

பெயர், டொமைன், பாத் (தளத்தின் எந்தப் பகுதிக்குக் குக்கி போக வேண்டும் என்பது) மூன்றும் ஒத்துப்போனால்தான் பிரவுசர் பழைய குக்கியின் மேல் புதியதை எழுதும். டொமைன் மாறியதால் இரண்டும் அருகருகே தங்கிவிட்டன. சர்வருக்கு வருவதோ பெயரும் மதிப்பும் மட்டும்தான் (இங்கே ‘செஷன்’ என்பது லாகின் நிலையைக் காக்கும் குக்கியின் பெயர்):

செஷன்=பழையது; செஷன்=புதியது

எது எந்த டொமைனுடையது என்று இதில் தெரியாது. பாத் நீளம் சமமாக இருந்தால், முதலில் உருவான குக்கியை முதலில் அனுப்பச் சொல்கிறது 2011-இல் வந்த, குக்கிகளுக்கான இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 6265. எங்கள் லைப்ரரி முதலில் வந்ததை எடுத்துக்கொண்டது. அந்தச் செஷன் காலாவதியானது, எனவே மீண்டும் லாகின் பக்கம். லாகின் செய்தால் புதிய குக்கிதான் மாறும், பழையது அசையாது. லாக்அவுட்டும் புதியதை மட்டுமே அழித்தது.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது, அப்போது நாங்கள் பயனர்களிடம் “குக்கிகளை அழித்துவிட்டு வாருங்கள்” என்று சொன்னதுதான். தவறு எங்களுடையது, வேலை அவர்களுக்கு. குக்கியின் பெயரை மாற்றியிருந்தால் போதும், ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பெயரை மாற்றவே முடியாதென்றால், பழைய குக்கியை வைத்த அதே ஹோஸ்ட்டின் பதிலில், அதே பாத்தோடு, டொமைன் போடாமல் ‘மேக்ஸ்-ஏஜ்=0’ (உடனே அழித்துவிடு என்று பொருள்) அனுப்புங்கள். அந்த வரியைச் சில மாதங்களாவது விட்டுவையுங்கள். எல்லோரும் மறுநாளே திரும்பி வருவதில்லை.

போர்ட் வேறென்றால் குக்கியும் வேறு என்று நம்புவது

இல்லை. லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது நம் சொந்தக் கணினியில், போர்ட் 3000-உம் போர்ட் 8080-உம் ஒரே குக்கிகளைத்தான் பார்க்கின்றன.

பாத்தைப் பாதுகாப்பு வேலியாக நினைப்பது

அது வேலி அல்ல.

சப்டொமைனுக்காக ‘சேம்சைட்=நன்’ போடுவது

வேறு சைட்டிலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்வது ‘சேம்சைட்’. ‘நன்’ என்றால் தடையில்லை, ‘லேக்ஸ்’ கொஞ்சம் கட்டுப்படுத்தும். ஒரே டொமைனின் கீழ், ஒரே ஹெச்டிடிபிஎஸ்ஸில் இருக்கும் சப்டொமைன்கள் ஒரே சைட்தான், ‘லேக்ஸ்’ போதும். குக்கி போகவில்லை என்றால், ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச்சில் ‘கிரெடென்ஷியல்ஸ்’ மதிப்பை ‘இன்க்ளூட்’ என்று வைத்தீர்களா என்று பாருங்கள். சர்வரும் கிரெடென்ஷியல்ஸை அனுமதிக்க வேண்டும், நட்சத்திரக் குறிக்குப் பதில், கோரிக்கை கிளம்பும் பக்கத்தின் சரியான ஆரிஜினை (முகவரியை) சொல்ல வேண்டும்.

எல்லாக் குக்கிக்கும் டொமைனை விரிப்பது

விரித்த குக்கி எல்லாச் சப்டொமைனுக்கும் போகும். யாரும் கவனிக்காமல் விட்ட பழைய சோதனைத் தளத்துக்கும்தான். அது ஒருவர் கையில் சிக்கினால் செஷனும் சிக்கியது. பகிரத் தேவையில்லாத குக்கிக்கு ‘__ஹோஸ்ட்-’ என்ற முன்னொட்டு கொடுங்கள். யாராவது பிறகு டொமைன் சேர்த்தால் பிரவுசரே அதை ஏற்காது.