புயலுக்கு முன் வீட்டைத் தயார் செய்வது: முதலில் தண்ணீர்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் கடலோரத்தில் குடியிருக்கிறோம். வீட்டில் நானும் மனைவியும், அம்மாவும், இரண்டு பிள்ளைகளும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒவ்வொரு ஐப்பசியிலும் நாங்கள் செய்கிற வேலைகளை இங்கே வரிசையாக எழுதுகிறேன். டார்ச், மெழுகுவர்த்தி, பிஸ்கட் வாங்குவது எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை நீட்டவில்லை.

1. செய்தியை எப்படிப் படிப்பது

நம் கரையில் பலரும் பார்ப்பது "எங்கே, எப்போது கரை கடக்கிறது" என்பதை மட்டும்தான். நானும் அப்படித்தான் பார்த்தேன். புரெவி திரிகோணமலைப் பக்கம் கரையேறி, இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் கடக்கும் என்றார்கள். அது வலுவிழந்து நம் மாவட்டக் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றுவிட்டது. காற்று பயந்த அளவுக்கு இல்லை, மழைதான் விடவே இல்லை. அதனால் காற்றடிக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் தயாராகாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் நான்கு நாட்களுக்கும் சேர்த்துத் தயாராகுங்கள்.

புயலே இல்லாமலும் இது நடக்கும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அன்று புயல் எதுவும் இல்லை.

2. தண்ணீர்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் என்றால் காவிரிதான். திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில், மோட்டார் வைத்துத் தள்ளி வருகிற தண்ணீர். வழியில் எங்கே கரண்ட் போனாலும் இங்கே குழாய் வற்றிவிடும். வீட்டு போர் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது.

அந்த வருஷம் தரைத்தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். தொட்டி மூடி வெறும் சிமெண்ட் பலகை, தரை மட்டத்தில் இருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி தெருத்தண்ணீர் முற்றத்தில் ஏறி, பலகையின் இடுக்கு வழியாகத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. காலையில் அதையே குடித்தோம். சின்னவளுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. வெளியே முழங்கால் தண்ணீர், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவும் வழியில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து உட்கார்ந்திருந்த அந்த இரவை என்னால் மறக்க முடியாது.

இப்போது நான் செய்வது இதுதான். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வைக்கிறேன். ஐந்து பேர், ஐந்து நாள் என்றால் 100 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. திருகு மூடி உள்ள கேன்தான் வாங்க வேண்டும். குடம் வேண்டாம், ஒரு தட்டு தட்டினால் கவிழ்ந்துவிடும். கேன்களைத் தரையில் வைக்காமல் கட்டில் மேலோ பரணிலோ வையுங்கள். தரைத்தொட்டியின் வாயைச் சுற்றி இரண்டு வரிசைச் செங்கல் கட்டி உயர்த்திவிட்டேன். பாதி நாள் கொத்தனார் வேலைதான். அப்படிச் செய்தும் வெள்ளம் தொட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், கொதிக்க வைக்காமல் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது.

மாடியில் இருக்கும் சின்டெக்ஸையும் நிரப்பி வையுங்கள். 500 லிட்டர் தண்ணீர் என்பது 500 கிலோ பாரம், சாதாரணக் காற்றுக்கு அசையாது. காலித் தொட்டி பறந்துபோய் அடுத்த வீட்டுக்காரர் தலையில் விழும்.

3. கூரை

தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ, அதன் மேல் கல்லைத் தூக்கி வைப்பது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். சீட் உடைந்தால் அந்தக் கல்லே உள்ளே விழும். பாதி நிரப்பிய மணல் மூட்டைகளை இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டி, முகட்டின் இருபுறமும் தொங்கும்படி போடுங்கள். கயிறு விஷயத்தில் நான் படகுக்காரர்கள் கழித்துப்போட்ட நைலான் கயிற்றைத்தான் நம்புவேன். கடையில் புதிதாக வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் கயிறு வெயிலில் இற்றுப்போகும்.

காற்றுத் திசையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புயல் நமக்குத் தெற்கே போனால் கொண்டல், அதாவது கிழக்குக் காற்று அடிக்கும். வடக்கே போனால் மேற்கிலிருந்து அடிக்கும். புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, நேராக நம் மேலேயே வந்தால் திடீரென்று எல்லாம் ஓய்ந்துவிடும். முடிந்தது என்று வெளியே போய்விடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் வரும்.

4. பத்திரங்கள்

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, படகுப் பதிவு எல்லாவற்றையும் திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். பாலித்தீன் கவர் நம்ப முடியாது. போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

5. கிளம்பச் சொன்னால் கிளம்புங்கள்

தாழ்வான இடத்திலோ ஓலை வீட்டிலோ இருப்பவர்கள் காற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது காற்று மட்டுமில்லை, ஊருக்குள் ஏறிய கடலும்தான். அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் இன்றும் தழுதழுக்கும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே முகாமுக்குப் போய்விடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள், போனில் சார்ஜ் போய்விடும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுத் தொண்டியிலிருந்து ஒருவர், ஆடுகளை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். கூட்டிப் போக முடியாவிட்டால் கட்டை அவிழ்த்து மேட்டுப் பக்கம் விட்டுவிடுங்கள். கட்டிப் போட்ட ஆடு தண்ணீர் ஏறும்போது தப்பிக்கவே முடியாது.

கீழக்கரையிலிருந்து ஓர் அக்கா தன் மாமியாரின் இன்சுலினைப் பற்றிக் கேட்டிருந்தார். கரண்ட் இல்லாமல் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் பதற வேண்டாம் அக்கா. திறந்து பயன்படுத்தும் இன்சுலின் பெரும்பாலும் சாதாரண அறைச் சூட்டில் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்களுடையது எத்தனை நாள் என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன டப்பாவில் போட்டு இறுக மூடி, ஈர மண்பானைக்குள் இறக்கி, அடுப்படியை விட்டுத் தள்ளி வையுங்கள். மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் மெடிக்கல் கடையும் திறக்காது.