லுவாங் பிரபாங்கில் தனியே படமெடுக்கச் செல்வோருக்கு

லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகரம் 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அதன் பழைய வீதிகளில் விடியற்காலையில் பௌத்தத் துறவியர் வெறுங்காலுடன் வரிசையாக நடந்து வந்து பிட்சை ஏற்கும் காட்சியைப் படமெடுக்க விரும்புவோர், எந்த லென்ஸ் என்பதற்கு முன்பாக எங்கே நிற்பது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடையணிந்து, சாலையின் எதிர்ப்புறம் நின்று, ஃபிளாஷையும் ஷட்டர் ஒலியையும் அணைத்துவிடுங்கள். வரிசைக்குக் குறுக்கே போவதும் துறவியரின் முகத்தருகே கேமராவை நீட்டுவதும் வழிபாட்டை அவமதிப்பதாகும். சுற்றுலாப் பயணிகள் பலர் இதைத்தான் செய்கிறார்கள்.

முதல் நாள் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டுச் சென்று, வரிசை எந்தத் திருப்பத்தில் வருகிறது, ஊர் மக்கள் பாயில் அமர்ந்து ஒட்டரிசிச் சோற்றை எப்படி இடுகிறார்கள், வெளிச்சம் எப்பக்கமிருந்து பரவுகிறது என்பதைக் கவனிப்பது நல்லது. உடன் வந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிராத தனிப் பயணத்தில்தான் இப்படி ஒரு காலையை ஒதுக்க முடிகிறது.

மறுநாள் எஃப் 1.8 வரை (ஒளி புகும் துளை அகலமாக) திறக்கும் 85 மி.மீ. லென்ஸுடன் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200, ஷட்டர் 1/125 நொடி எனத் தொடங்கலாம். ஷட்டர் வேகம் அதற்கும் குறைந்தால் நடப்பவர்களின் உருவம் கலங்கிவிடும்.

உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். பொருள்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்பதால், அன்றன்றைய படங்களின் நகலைக் கேமராப் பையில் அல்லாமல் வேறொரு பையில் வையுங்கள்.