வீடும் வேலையும்: மாற்றுத்திறனாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறியது. 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. அரசு வேலைகளில் குறைந்தது 4 சதவீதம், வீடும் விவசாய நிலமும் ஒதுக்கும் திட்டங்களில் 5 சதவீதம் என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஆனால் இன்றும் அலுவலக வாசல்களில் “ஏதாவது பார்த்துச் செய்யுங்கள், ஐயா” என்று கைகூப்பிக் கேட்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது. வாய்மொழியாகக் கேட்டதற்குத் தடயம் கிடையாது. “அடுத்த முறை பார்க்கலாம்” என்ற பதிலோடு அது முடிந்துவிடும். “மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 37இன்படி 5 சதவீத ஒதுக்கீட்டில் எனக்கு வீடு ஒதுக்கக் கோருகிறேன்” என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டால் நிலைமை வேறு. அந்த மனுவை ஏற்கவோ மறுக்கவோ அலுவலகம் எழுத்தில்தான் செய்ய வேண்டியிருக்கும். மறுத்தால், அந்த மறுப்பையே ஆதாரமாக வைத்து மேலே போகலாம்.

சான்றிதழில் நேரும் பிழைகள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை மருத்துவச் சான்றும் யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும்தான். தமிழ்நாட்டில் பலர் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தேசிய அடையாள அட்டைப் புத்தகத்தையே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது இருக்கட்டும். ஆனால் மத்திய அரசின் திட்டங்களுக்கு யூ.டி.ஐ.டி. எண்ணைத்தான் கேட்கிறார்கள். அட்டையின் நிறத்துக்கும் பொருள் உண்டு. 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். இட ஒதுக்கீடு 40 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகிறது. கையில் அட்டை இருக்கிறது என்பதற்காக வெள்ளை அட்டையோடு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் தள்ளுபடி ஆகிவிடும். அதற்காக வெள்ளை அட்டைக்காரர்களுக்கு எதுவுமே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. தேர்வெழுத உதவியாளர் கேட்கும் உரிமையை 40 சதவீதத்தோடு முடிச்சுப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது.

சான்று தரும் மருத்துவ முகாமில் நடக்கும் இன்னொரு பிழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவருக்குக் காலில் 30 சதவீதம் பாதிப்பு. காது கேளாமை 30 சதவீதம். கண்ணுக்குத் தெரிகிற காலை மட்டும் மருத்துவரிடம் காட்டிவிட்டு 30 என்று சான்று வாங்கி வருகிறார். எந்த ஒதுக்கீட்டிலும் சேராமல் நின்றுவிடுகிறார். இரண்டையும் மதிப்பிடச் சொல்லியிருந்தால் கணக்கே மாறியிருக்கும். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90இல் அது போக மிஞ்சுவதை 90ஆல் வகுத்து, சிறிய எண்ணால் பெருக்கிக் கூட்டுவார்கள். 90இல் 30 போனால் 60. அதை 90ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 20. முதல் 30உடன் சேர்த்தால் 50 சதவீதம். முப்பதும் முப்பதும் அறுபது ஆயிற்றே, பத்தைக் குறைத்துவிட்டார்களே என்று மருத்துவமனையில் வாதாட வேண்டாம்; கணக்கே அப்படித்தான். அவர் இப்போது பல்வகைக் குறைபாடு என்ற பிரிவில் வருவார். வேலை ஒதுக்கீட்டின் நான்கு பிரிவுகளில் எதில் சேர்கிறார் என்பதும் அதைப் பொறுத்தே மாறும்.

பாதிப்பு காலப்போக்கில் மாறக்கூடியது என்று மருத்துவர்கள் கருதினால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே சான்று தருவார்கள். அந்தத் தேதியைப் பார்க்காமல் விட்டு, நேர்காணலுக்கு அழைப்பு வந்தபின் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள் பலர். காலாவதியாகச் சில மாதங்கள் இருக்கும்போதே மறுமதிப்பீட்டுக்குப் போய்விடுங்கள். மதிப்பீடு தவறு என்று உறுதியாகத் தோன்றினால் பிரிவு 59இன்படி மேல்முறையீடு செய்யலாம். இடைத்தரகரிடம் பணம் கொடுத்துச் சதவீதத்தைக் கூட்டிக்கொள்ளும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மோசடியாகப் பயன்பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது பிரிவு 91.

பெயரின் முன்னெழுத்தும் நம் ஊரில் தீராத தலைவலி. பள்ளிச் சான்றில் முன்னால் இருக்கும் எழுத்து, ஆதாரில் பின்னால் போயிருக்கும், அல்லது அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். யூ.டி.ஐ.டி. விண்ணப்பத்துக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருத்திக்கொள்வது நல்லது.

வீடு யார் பெயரில்?

பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்டத்தில் வழக்கமாக வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலோ, பெண் பெயரிலோ ஒதுக்கப்படும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் தேர்வானால் மட்டும் அந்த மாற்றுத்திறனாளியின் பெயரில்தான் ஒதுக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. “தம்பியால் அலைய முடியாது, என் பெயரில் போட்டுக்கொள்கிறேன்” என்று அண்ணன் முன்வருவது அன்பினால்தான் இருக்கும். ஆனால் நாளை பாகப்பிரிவினை வரும்போது, தன் பெயரால் வந்த வீட்டிலேயே தம்பி ஒண்டிக் குடித்தனம் நடத்த வேண்டிவரும். இந்த இடத்தில் குடும்பத்தினர் மனம் கோணாமல் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை என்றால் இன்னொரு படி இருக்கிறது. 18 வயது முடிந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலராக நீடிப்பதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்று பெற வேண்டும். அது இல்லாமல் சொத்து சம்பந்தமான காகிதங்களில் அம்மா போடும் கையெழுத்து பிற்பாடு கேள்விக்குள்ளாகும்.

நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒதுக்கும்போது மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துக்குத் தரைத்தளம் அல்லது கீழ்த்தளங்களில் முன்னுரிமை தர வேண்டும் என்று பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. இதைக் குலுக்கலுக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். மூன்றாம் மாடிக்குச் சாவி வாங்கியபின் மாற்றிக் கேட்டால், கீழே வீடு கிடைத்தவர் எப்படிச் சம்மதிப்பார்?

சொந்த மனையில் கட்டுகிறவர்கள் செய்யும் தவறு அஸ்திவாரத்திலேயே நடந்துவிடுகிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது அளவு. அடித்தளத்தை ஒன்றரை அடி உயர்த்தினால் 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். சிறிய மனையில் அதற்கு இடம் ஏது? கடைசியில் கொத்தனார் ஆறடியில் செங்குத்தாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். அதில் ஏற ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும், இறங்கும்போது விழாமல் பிடிக்க வேண்டும். மழைநீர் நுழையாத அளவுக்கு மட்டும் அடித்தளத்தை உயர்த்தி, சாய்தளத்தைச் சுவரோரமாகத் திருப்பிவிட முடியுமா என்று வரைபடத்திலேயே பாருங்கள். கதவுக்கு 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடி, தடையற்ற அகலம் வேண்டும். கழிப்பறைக் கதவைத்தான் எல்லோரும் குறுக்கிவிடுகிறார்கள். அது வெளிப்பக்கம் திறப்பதும் முக்கியம். உள்ளே விழுந்து கிடப்பவர்மீதே கதவு மோதினால் யாரும் போய்த் தூக்க முடியாது.

வேலை தேடும்போது

அரசு வேலையின் 4 சதவீதம் நான்காகப் பிரிகிறது: பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு, நான்காவது ஒரு சதவீதத்தில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு. ஒவ்வொரு பணிக்கும் எந்த வகையினர் தகுதியானவர் என்று அறிவிக்கையின் பின்னிணைப்பில் போட்டிருப்பார்கள். பாடத்திட்டத்தை மனப்பாடம் செய்பவர்கள்கூட அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. ஆண்டு முழுக்கப் படித்துத் தேறியபின், தன் குறைபாட்டு வகைக்கு அந்தப் பணியே இல்லை என்று தெரிய வருவதைப் போன்ற வேதனை வேறில்லை.

இது சாதிவாரி ஒதுக்கீட்டுக்குக் குறுக்காகச் செல்லும் ஒதுக்கீடு, அதாவது ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் பொருந்துவது. ஆகவே மாற்றுத்திறனாளி என்று குறிப்பிட்டுவிட்டோமே என்று சாதிச் சான்றிதழை விட்டுவிடக் கூடாது, இரண்டும் வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் கட்டண விலக்கும், உச்ச வயதில் 10 ஆண்டுத் தளர்வும் உண்டு. எழுத உதவியாளர் தேவைப்பட்டால் விண்ணப்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். தேர்வறையில் போய்க் கேட்டுப் பயனில்லை. தகுதியான ஆள் இல்லை என்று ஓர் ஆண்டு இடம் காலியாகவே விடப்பட்டால் அது போய்விடாது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 34.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறப்பதால் இரட்டை இழப்பு. பதிவு மூப்பு போகிறது. வேலையற்றோர் உதவித்தொகையும் போகிறது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிவு செய்து ஓராண்டு முடிந்தாலே இந்தத் தொகை உண்டு. பத்து ஆண்டுகள் வரை கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை மாதம் 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய்.

சுயதொழில் செய்ய விரும்புகிறவர்கள் கடையைத் திறந்துவிட்டு மானியக் கடனுக்கு ஓடுகிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் முதல் கடன் புதிய தொழில்களுக்கு மட்டுமே. முதலில் விண்ணப்பம், பிறகு வங்கி ஒப்புதல், அதன்பிறகுதான் தொழில். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். ஆனால் மானியம் மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருக்கும். அதைக் கையிருப்பாக எண்ணி இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பணியில் இருக்கும்போது உடல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விபத்தில் கால் இழந்த ஓட்டுநரிடம் விருப்ப ஓய்வுக் கடிதத்தை நீட்டினால், உடனே கையெழுத்துப் போட வேண்டாம். அரசு நிறுவனத்தில் அப்படிப் பாதிக்கப்பட்டவரைப் பணிநீக்கமோ பதவிக்குறைப்போ செய்யக் கூடாது. அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அது இல்லையென்றால் பொருத்தமான பணி கிடைக்கும்வரையோ ஓய்வு பெறும்வரையோ, எது முந்தியதோ அதுவரை, உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 20 பாதுகாப்பு தருகிறது. தானாக எழுதிக் கொடுத்த ராஜினாமா அந்தப் பாதுகாப்பையே கேள்விக்குரியதாக்கிவிடும்.

மறுக்கப்பட்டால்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்துவிட்டுப் பலர் அத்தோடு ஓய்ந்துவிடுகிறார்கள். அதற்கு மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. அவருடைய பரிந்துரை கிடைத்த மூன்று மாதத்துக்குள், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று சம்பந்தப்பட்ட துறை அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அங்கே போகும் முன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுவிடுங்கள். எத்தனை வீடுகள் ஒதுக்கப்பட்டன, அவற்றில் 5 சதவீதம் யார் யாருக்குப் போயிற்று, முன்னுரிமைப் பட்டியலில் என் வரிசை எண் என்ன என்ற மூன்று கேள்விகள் போதும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலையும் முத்திரை போட்ட பழைய மனுவின் நகலையும் ஆணையருக்கான புகாரோடு இணையுங்கள்.